பாயில விட்ட இடம்

பஸ் ஜன்னல் வழியா பாத்தீங்களாக்கா, பையைத் தூக்கிக்கிட்டு வரிசையா போகுதுகளே பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க, அதுகளைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது. என்ன அப்படித் திரும்பிப் பாக்கீங்க? பச்சைப் பிள்ளைகளைப் பாத்து வயிறெரியுதாளே, இவளும் ஒரு பொம்பளையான்னு நினைக்கீங்க. நினைச்சுக்கோங்க. எங்க ஊரே நினைச்சு முடிச்சாச்சு, நீங்க ஒருத்தர் நினைச்சு எனக்கு என்ன கொறைஞ்சிரப் போவுது.

என் பேரு பேச்சியம்மா. சிலம்பிநாயக்கம்பட்டி விலக்குல பஸ்ஸை விட்டு இறங்குனா மொதக் கடை நம்ம கடைதான். இட்லி, தோசை, பூரி. காலையில தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து நிக்கும். கரண்டு எடுக்குற காத்தாடிக் கம்பெனிக்குப் போற பயலுக பைக்கை நிறுத்துவானுக. லாரிக்காரன் இறங்குவான். அத்தனை பேருக்கும் அவசரம். ஒருத்தன் சட்னி கேப்பான், ஒருத்தன் பார்சல் கேப்பான், ஒருத்தன் தண்ணி இல்லைங்கான். வீட்டுக்காரர் போய்ச் சேந்துட்டாரு, பிள்ளைகுட்டி கிடையாது. ஒத்தையில எத்தனை கையை வச்சுக்கிட்டு நான் பாப்பேன், நீங்களே சொல்லுங்க.

எனக்குக் கூடப் பிறந்தவ ஒருத்தி, சண்முகக்கனி. அவளைக் கட்டுனவன் விட்டுட்டு ஓடிட்டான். திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை. அங்க கம்பெனிக்காரன் குடுத்த ரூம்ல பத்துப் பொம்பளைங்களோட படுத்து எந்திரிக்கா, பிள்ளையை வச்சுக்கிட முடியாது. ‘அக்கா, செம்பாவை உங்கிட்ட விட்டுட்டுப் போறேன், அவ படிப்பு மட்டும் கெட்டுறாமப் பாத்துக்கோ’ன்னு சொன்னா. காலைப் பிடிக்காத குறைதான். சரின்னேன். கூடப் பிறந்த பாவத்துக்கு வேற என்ன சொல்ல? செண்பகவல்லின்னு பேரு அந்தப் பிள்ளைக்கு. ஏழாப்பு. குச்சி மாதிரி இருப்பா. ஆனா கை வேகம்னா வேகம்! பார்சல் கட்டுனான்னா சாம்பார் ஒரு சொட்டு ஒழுகாது. என்னைய மாதிரி. எங்க வீட்டுக் கை அது.

நான் படிக்கக் கூடாதுன்னா சொன்னேன்? என் வாயில அப்படி ஒரு சொல் வந்திருந்தா நாக்கு அழுகிப் போகட்டும். பத்து மணிக்கு மேல போன்னுதான் சொன்னேன். கூட்டம் ஓஞ்ச பிறகு கையைக் கழுவிட்டு ஓடுட்டி, யாரு பிடிச்சு வச்சா? பத்து மணிக்கு மேல வந்தா சேத்துக்கிடமாட்டோம்னு பள்ளிக்கூடத்துல சொன்னா அது யாரு தப்பு? என் தப்பா? தோசையை மத்தியானமா போட முடியும்? அப்புறம் அவளே போகலை. இல்ல, போகலைன்னு இல்ல, ரெண்டு தடவை போனா, வெளிய நிக்க வச்சாங்க, திரும்பி வந்துட்டா. நான் என்ன செய்ய?

அப்பந்தான் இந்தக் குழு வந்துச்சு. வருகைக் குழுவாம். வேலைவெட்டி இல்லாத நாலு பேரு. ரிட்டயர் ஆன போஸ்ட்மேன் ஒருத்தரு, தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளைங்க ரெண்டு பேரு, அவங்களுக்குத் தலைவி மாதிரி ஒருத்தி, மரியபுஷ்பம். தையல்காரி. சின்னப் பொண்ணுதான், என் பாதி வயசு இருக்காது. எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரலையோ அந்த வீட்டுக்குப் போறதுதான் அவங்க வேலை. மொதல்ல ரெண்டு பேரா வந்து பேசுவாங்க. எங்கிட்டயும் வந்தாங்க. நான் வாங்க உக்காருங்க, காப்பி குடிங்கன்னுதான் சொன்னேன். மரியாதை தெரியாதவ இல்ல நான். ‘செம்பாவை அனுப்புங்க பெரியம்மா’ங்கா. ‘அனுப்புதேன்’னேன். அனுப்புதேன்னு சொன்னா போயிரணும்லா? போனாங்க. திரும்ப வந்தாங்க. திரும்பவும் அனுப்புதேன்னு சொன்னேன். எத்தனை தடவைதான் ஒரு மனுஷி ஒரே சொல்லைச் சொல்லுவா.

அதுக்கப்புறம் செஞ்சா பாருங்க ஒரு வேலை! கேட்டா சிரிப்பீங்க. சிரிக்காதீங்க. ஒரு நாள் காலையில, நல்ல கூட்ட நேரம், ஏழாப்புப் பிள்ளைங்க அத்தனையும் கோரைப்பாயைச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு ஊர்வலமா வருதுக. முன்னால புஷ்பம். என் கடை வாசல்ல பாயை விரிச்சாச்சு. உக்காந்தாச்சு. புத்தகத்தைத் திறந்தாச்சு. மொதப் பாடம் அங்கதானாம்! எந்தப் பிள்ளை வரலையோ அந்தப் பிள்ளை வாசல்ல மொதப் பாடத்தை நடத்திட்டு, அப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் போவாங்களாம். வாத்தியாரும் சம்மதிச்சு, அந்த ஒரு பாடத்தை புஷ்பத்தையே நடத்தச் சொல்லிட்டாராம். நான் கத்துதேன், ‘ஏட்டி இது கடையா, உங்க அப்பன் வீட்டுச் சாவடியா?’ அதுக்கு அவ, ‘நடுவுல வழி விட்டிருக்கோம் பெரியம்மா, உங்க வியாபாரத்துக்கு இடைஞ்சல் இல்ல’ங்கா. தேன் மாதிரி பேச்சு. பிள்ளையையும் கிள்ளி விட்டுத் தொட்டிலையும் ஆட்டுதவ அவ.

இதுல இன்னொண்ணு கேளுங்க. நெருக்கிக்கிட்டு உக்காருற பிள்ளைங்க, ஓரத்துப் பாயில மட்டும் ஒரு ஆள் உக்காருற இடத்தை விட்டு வச்சிருந்துச்சுக. செம்பாவுக்காம். ஒருத்தி கூட அதுல காலை நீட்டலை. புத்தகம் கூட வைக்கலை. சாப்பிட வந்தவன் எல்லாம் அந்த இடத்தைப் பாக்கான், உள்ள சட்னி அரைக்குற செம்பாவைப் பாக்கான், அப்புறம் என்னைப் பாக்கான். தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளைங்க பார்சலை வாங்கிக்கிட்டு, காசை வச்சுட்டு விறுவிறுன்னு போறாளுக. எம்புட்டு வருஷமா என் கையில சாப்பிட்டவளுக. உப்பைத் தின்னுட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறாளுக.

நான் விடுவேனா? மறுநாள் விடியுமுன்னயே செம்பாவை எழுப்பினேன். ‘சாணியைக் கரைச்சு வாசல் பூராம் ஊத்துட்டி, ஒரு சாண் இடம் காயக் கூடாது’ன்னேன். ஈரத்துல எப்படிப் பாயை விரிக்காளுகன்னு பாப்போம்னு. அவளும் குடம் குடமாத் தூக்கி ஊத்துனா. நான் அடுப்பைப் பத்த வச்சுட்டு வந்து பாக்கேன், வாசல் சொதசொதன்னு கிடக்கு, புளியமரத்து ஓரமா மட்டும் நீளமா, அளவெடுத்த மாதிரி காஞ்சு கிடக்கு. பாய் அகலத்துக்கு! பிள்ளைங்க வந்து நேரா அங்க போய் விரிச்சுதுக. ‘ஏட்டி, இங்க ஏன் ஊத்தலை?’ன்னு கேட்டா, ‘தண்ணி தீந்துருச்சு பெரியம்மா’ங்கா. தொட்டி நிறையத் தண்ணி கிடக்கு. சோறு போட்டு வளத்த பிள்ளை எனக்கே குழி பறிக்குதுன்னா நெஞ்சு பொறுக்குமாக்கா? எனக்குப் பொறுக்கலை.

அவ உள்ள இருந்துக்கிட்டே பதில் வேற சொல்லுவா. வெளிய புஷ்பம் கேள்வி கேப்பா, ஒருத்திக்கும் தெரியாது, அடுப்படியிலருந்து சத்தம் வரும். பூரி கருகுது இங்க, இவ பதில் சொல்லுதா அங்க! பிள்ளைங்க எல்லாம் கையைத் தட்டுதுக. ஒரு லாரிக்காரன், நமக்கு வாடிக்கையானவன், ‘அக்கா, உங்க கடையில கலெக்டரை வச்சுப் பூரி சுடுதீங்களா’ன்னு கேட்டான். கடை பூராம் சிரிப்பு. வந்துச்சே எனக்கு ஆத்திரம்!

தோசைக்கல்லை அப்படியே போட்டுட்டு வெளிய வந்தேன். ‘இடம் விட்டு வச்சிருக்கீங்கல்லா, இந்தா நான் உக்காந்துக்கிடுதேன், நடத்துட்டி பாடம்’னு சொல்லி அந்த இடத்துல போய்ச் சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு. பாடம் நின்னு போகும்ல? எந்திரிச்சுப் போவாளுகள்ல? அப்படித்தான நினைப்போம். புஷ்பம் ஒரு நிமிஷம் என்னைப் பாத்தா. அப்புறம், ‘சரி, விட்ட இடத்துலருந்து வாசிங்க’ன்னுட்டா. அன்னைக்கு ஆளுக்கு ஒரு வரியா வாசிக்குற பாடம். மேகம், மழை, என்னமோ. அந்தக் கோடியில ஆரம்பிச்சு ஒருத்தி வாசிக்கா, அடுத்தவ வாசிக்கா, அப்படியே வரிசையா வருது. எனக்கு அப்பந்தான் விளங்குச்சு, அது எங்கிட்டதான் வருதுன்னு.

நான் மூணாப்பு. எழுத்துக்கூட்டிப் படிப்பேன், பஸ் போர்டு படிப்பேன், தெரியாதுன்னு இல்ல. ஆனா பொடி எழுத்து. கண்ணாடி வேற கடைக்குள்ள கிடக்கு. என் முறை வந்துருச்சு. பின்னால பூரிக்கு நின்னவன் சிரிச்சான். பிள்ளைங்க சிரிக்கலைக்கா. ஒண்ணு கூடச் சிரிக்கலை. அதுக சிரிச்சிருந்தா ரெண்டு வசவு வஞ்சுட்டு எந்திரிச்சு வந்திருப்பேன், ஆத்திரம் தீந்திருக்கும். என் பக்கத்துல ஒரு பொடிசு, ரெட்டைச் சடை, மூக்கு ஒழுகுது, அது என்ன செஞ்சுது தெரியுமா? தன் புத்தகத்தை மெதுவா என் மடிப்பக்கம் தள்ளி, வரிக்குக் கீழ விரலை வச்சு, வாயை மட்டும் அசைக்குது. எனக்குச் சொல்லிக் குடுக்குதாம்! எனக்கு!

சொன்னேன். சொல்லாம எந்திரிச்சா தெரியலைன்னுல்லா ஆயிரும். அது வாயசைக்க அசைக்க நானும் சொன்னேன். ‘மேகம் குளிர்ந்தால் மழை பொழியும்.’ அவ்வளவுதான். அடுத்த பிள்ளை அடுத்த வரியை வாசிச்சுது, ஒண்ணுமே நடக்காத மாதிரி. நான் பாடம் முடியுற வரைக்கும் உக்காந்திருந்தேன். வீம்புக்குத்தான். வேற எதுக்கு? உள்ள செம்பா ஒத்தையில கடையைப் பாத்துக்கிட்டா. நான் திரும்பிப் பாக்கும்போது, மாவுக்கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அவ பார்வை எனக்குப் பிடிக்கலை.

மறுநாள் பிள்ளைங்க வந்து உக்காந்ததும், செம்பா கையைக் கழுவுனா. பாவாடையில துடைச்சா. எங்கிட்ட ஒரு வார்த்தை, போறேன் வாரேன்னு ஒரு வார்த்தை கிடையாது, நேரா வெளிய போய் அந்த இடத்துல உக்காந்துட்டா. கடையில நிக்க இடமில்ல, வேன்காரன் ஆரன் அடிக்கான், பார்சல் ஒண்ணு கட்டலை. போய்க் கூப்பிட்டேன். வரலை. கையைப் பிடிச்சு இழுத்தேன். ‘நீங்களே நேத்து உக்காந்தீங்கல்லா பெரியம்மா’ங்கா. அந்தச் சொல்லுதான். என் கையில தோசைக் கரண்டி இருந்துச்சு. நான் தோசை போட்டுக்கிட்டிருந்தவ, தோசைக் கரண்டி சூடாத்தான இருக்கும்? வேணும்னா வச்சேன்? கையில பட்டுருச்சு. கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா? நான் அவளுக்குப் பெத்தவ மாதிரி.

ஒரு சத்தம் போட்டா, அதோட சரி. அழக்கூட இல்ல. பாயில இருந்த பிள்ளைங்க அத்தனையும் எந்திரிச்சு எனக்கும் அவளுக்கும் நடுவுல வந்து நின்னுருச்சுக. அந்த ரெட்டைச் சடையும்தான். நேத்து எனக்குப் புத்தகத்தைக் காட்டுனது, இன்னைக்கு என்னைப் பாத்து நடுங்கிக்கிட்டு நிக்குது, நகர மாட்டேங்குது. புஷ்பம் தண்ணியை ஊத்தி அவ கையைக் கழுவிக்கிட்டே ஃபோனை எடுத்தா. போலீசுக்குன்னு நினைச்சேன். கூப்பிடு, எனக்கென்ன பயமான்னேன். போலீஸ் இல்ல. திருப்பூருக்கு. என் தங்கச்சிக்கு.

சண்முகக்கனிக்கு ஒண்ணும் தெரியாதுல்லா. வாரம் ஒரு தடவை கூப்பிடுவா. ‘எப்படிக்கா படிக்கா?’ம்பா. ‘ஜம்முன்னு படிக்கா’ம்பேன். அவ அவ்வளவு தூரத்துல கிடக்கா, கவலைப்படுத்தக் கூடாதுன்னுதான் சொன்னேன். அதுக்குப் பேரு பொய்யா? நல்லதுக்குக் காலமில்லக்கா.

விடிஞ்சும் விடியாம வந்து இறங்குனா. துணிப்பையைக் கூட இறக்கி வைக்கலை. பிள்ளை கையைப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா. வையப் போறா, மண்ணை வாரித் தூத்தப் போறான்னு நான் தயாராத்தான் நின்னேன். நானும் பதிலுக்கு நாலு வச்சிருந்தேன். அவ மெதுவா, ‘அக்கா, என்னைப் பாத்துக்கிட உன்னை மூணாப்போட நிறுத்தித்தான அப்புறம் என்னைப் படிக்க வச்சாங்க. உனக்குத் தெரியும்னுல்லா இவளை உங்கிட்ட விட்டேன்’னு சொன்னா. அவ்வளவுதான் சொன்னா. பிள்ளையைக் கூட்டிக்கிட்டு நடந்துட்டா.

எனக்கு என்ன தெரியும்? அவ தொட்டில்ல கிடந்தா. அம்மா கரிமூட்டத்து வேலைக்கு, விறகை எரிச்சுக் கரி எடுக்கப் போயிருவா. பாத்துக்கிட ஆள் வேணும், நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்னேன். அவ்வளவுதான். இதுல தெரியுறதுக்கு என்ன இருக்கு? அவ பத்தாப்பு வரைக்கும் படிச்சா, தலைசீவி விட்டு அனுப்புனது நானு. நான் நின்ன அன்னைக்கு எங்க வீட்டு வாசல்ல யாரு வந்தா? சொல்லுங்கக்கா, யாரு வந்தா? ஒரு வாத்தியார் எட்டிப் பாக்கலை. கூடப் படிச்ச ஒருத்தி, ‘ஏ பேச்சி, ஏன்ட்டி வரலை’ன்னு கேக்கலை. நான் பாட்டுக்கு வாசல்ல பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு ஒரு வாரம் பாத்துக்கிட்டே நின்னேன். யாராவது வருவாங்கன்னு. கிறுக்குத்தனமா. இவளுக்கு மட்டும் ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் பாயைத் தூக்கிட்டு வருதுக. இடம் விட்டு வச்சிருக்குதுக. என்ன, இவ என்ன மகாராணியா? அதைத்தான் நான் கேக்கேன். என்னைவிட இவ எதுல உசத்தி?

இல்ல, இல்ல, தண்ணி வேண்டாம். கண்ணுல தூசி. ஜன்னலைத்தான திறந்து வச்சிருக்கோம்.

சண்முகக்கனி திருப்பூருக்குத் திரும்பிப் போயிட்டா, செம்பா இப்ப புஷ்பம் வீட்டுல இருக்கா. குழுவுல பேசி வச்சாங்களாம். தினமும் கடை முன்னாலதான் போறா. முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனா எனக்கு நிம்மதி. ‘பெரியம்மா, பள்ளிக்கூடம் போயிட்டு வாரேன்’னு சொல்லிட்டுல்லா போறா! கையில கட்டு வேற. நாலு பேரு முன்னால. திமிரு.

விடுங்க. நான் இறங்குற ஊரு வந்துருச்சு. ஆமா, இங்கதான் இறங்கணும், ஓடைக்கரைப்பட்டி. எங்க வீட்டுக்காரர் வழியில தூரத்துச் சொந்தம் ஒண்ணு இருக்கு. அப்பன் இல்லாத பிள்ளை, இசக்கின்னு பேரு. அவ அம்மாவுக்குப் பாடு பெரும்பாடா இருக்கு, நான் வச்சுக்கிடுதேன்னு சொல்லியிருக்கேன், இன்னைக்கே கூட்டிக்கிட்டுப் போயிருவேன். எத்தனாப்புன்னா கேக்கீங்க? ஆறாப்பு. ஏங்க்கா அப்படிப் பாக்கீங்க? சேக்காம என்ன, பள்ளிக்கூடத்துல சேக்கத்தான் போறேன். மொதல்ல வேலை கொஞ்சம் பழகட்டும்.

கையில பைதான் இருக்கு, கொஞ்சம் நகருங்க, இறங்கிக்கிடுதேன். நேத்து ஃபோன்ல அந்தப் பிள்ளையே பேசுச்சு. எடுத்த எடுப்புல, ‘அத்தை, அங்க பள்ளிக்கூடம் பக்கத்துல இருக்குமா’ன்னு கேட்டுச்சு. பக்கத்துலதான் தாயி, அங்க மணி அடிச்சா நம்ம அடுப்படிக்குக் கேக்கும்னு சொன்னேன். பொய்யாக்கா சொன்னேன்? தினமும் கேக்கத்தான செய்யுது.